படத்திடம் கேளுங்கள்

‘என் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்துப் பத்து வரி எழுதச் சொல்லாத தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். பிள்ளைகளும் அதிகம் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். ஏரி, மாரியம்மன் கோயில், தேர், பஸ் நிற்கும் இடம், சோளக்காடு. பத்து வரி நிறைந்துவிடும்.

பெரம்பலூர் நகரை ஒட்டிய துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கிருந்து வரும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு இந்தத் தலைப்பு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். பிறந்தது பெரம்பலூரில். அம்மம்மா ‘எங்கட ஊர்’ என்று சொல்வது மன்னாரை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் சொல்வது ‘கேம்ப்’. மூன்றில் எதை எழுதுவது? பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ‘இதுகூட எழுதத் தெரியலையா?’ என்று ஆசிரியர் கேட்பார். எழுதத் தெரியும். அந்தக் கேள்வி வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்தது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ வகுப்பறையில் படப்புத்தகங்களைப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. நம் ஆசிரியர்களில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். யோசனை நல்லது. ஆனால் யார் அகதிப் பிள்ளை, எது படப்புத்தகம், அதை வைத்து என்ன செய்வது என்ற மூன்றிலும் குழப்பம் இருக்கிறது. குழப்பத்தோடு தொடங்கினால் உதவப் போய் உபத்திரவத்தில் முடியும். ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

யார் அந்தப் பிள்ளை?

1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து இலங்கையிலிருந்து தமிழகத்துக்குப் படகுகள் வரத் தொடங்கின. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓய்ந்து, 1989இல் மீண்டும் தொடங்கி, 1996இலும் 2006இலும் போர் உக்கிரமடைந்தபோதெல்லாம் கூடி, மொத்தத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி 58,822 பேர் முகாம்களிலும் 34,087 பேர் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி 317.40 கோடி ரூபாயில் வீடுகள் உள்ளிட்ட உதவிகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது.

2022 மார்ச் 22இல் ஒரு புதிய அலை வந்தது. இம்முறை காரணம் போர் இல்லை, பொருளாதார நெருக்கடி. தனுஷ்கோடி அருகே மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களில் நான்கு மாதக் கைக்குழந்தையும் இருந்தது. இவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள்.

ஆக, தமிழகத்தில் அகதிப் பிள்ளை என்று ஒரே வகை கிடையாது. மண்டபத்துப் பள்ளியில் இருப்பது கடலைக் கண்ணால் கண்டு, இரவில் படகேறி வந்த பிள்ளையாக இருக்கலாம். பெரம்பலூர் போன்ற பழைய முகாம்களில் இருப்பது பெரும்பாலும் இங்கேயே பிறந்த பிள்ளை. பெற்றோரும்கூடப் பலர் இங்கே பிறந்தவர்கள். படகுப் பயணம் அந்தப் பிள்ளைக்கு அம்மம்மா சொன்ன கதை மட்டுமே. ஊரை இழந்த வலியைவிட, ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லாத சங்கடம்தான் அதை அன்றாடம் உறுத்துவது.

அந்தச் சங்கடத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இந்திய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதி 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் நீதிமன்றம் வரை போய், 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதல்முறையாக வாக்களித்தார். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஆனால் பள்ளி வாசலில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. இதை ஆசிரியர்கள் அழுத்தமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்கிறது. குடிமக்களின் குழந்தைகள் என்று சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அப்படியே. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வரத் தாமதமானால் அதையும் காரணமாக்கக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். முகாம் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பது யாருடைய தயவாலும் அல்ல.

பக்கத்து மாவட்டமான அரியலூரின் நிலை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் நம்பி வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளை அகதிகள் என்று சொல்வது தவறு. அவர்கள் இந்தியக் குடிமக்கள், பிழைப்புக்காக இடம் மாறியவர்கள், நினைத்தால் ஊருக்கு ரயிலேறலாம். அகதி என்பவர் சொந்த நாட்டில் வாழ முடியாமல் எல்லை தாண்டியவர், நினைத்தவுடன் திரும்ப முடியாதவர். அதே நேரம் மொழி தெரியாமல் கடைசி பெஞ்சில் ஒதுங்கும் பிள்ளைக்கும், மொழி தெரிந்தும் ஒதுங்கும் பிள்ளைக்கும் உதவும் கருவி ஒன்றாகவே இருக்கலாம். பெயர் வேறு, கருவி ஒன்று.

எது படப்புத்தகம்?

படம் போட்ட புத்தகமெல்லாம் படப்புத்தகம் ஆகாது. பாடநூலில் ‘யானை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யானைப் படம் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் பாடம் நிற்கும். படப்புத்தகத்தில் அப்படி எடுக்க முடியாது. கதையின் பாதியை எழுத்து சொல்லும், மீதியைப் படம் சொல்லும். சில சமயம் எழுத்து ஒன்று சொல்ல, படம் அதை மறுத்துச் சிரிக்கும். எழுத்தே இல்லாத படப்புத்தகங்களும் உண்டு. பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு, முப்பத்திரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

தமிழருக்கு இது புதிதல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த சோவியத் குழந்தை நூல்களின் வழவழப்பான தாளை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய நூல்கள் பள்ளி நூலகங்களில் இருந்தன. சென்னையில் 1990களில் தொடங்கிய தாரா, துலிகா பதிப்பகங்கள் உலகத் தரத்தில் படப்புத்தகம் செய்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. இறக்கி அச்சிடலாம், ஸ்மார்ட் போர்டில் காட்டலாம், வேறு மொழியில் பெயர்க்கவும் உரிமம் இடம் தருகிறது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சிறு கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. புத்தகப் பஞ்சம் என்று சொல்ல இன்று அதிக இடமில்லை. அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் தெளிவு வேண்டியிருக்கிறது.

‘படப்புத்தகம் எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு?’ என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியரான ஷான் டான் 2006இல் வெளியிட்ட ‘தி அரைவல்’ நூலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குடும்பப் படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருவன் தனியே கப்பலேறி ஒரு பெருநகரத்துக்குப் போகிறான். நூல் முழுக்க ஒரு சொல்கூட இல்லை. அந்த நகரத்தின் கடைப் பலகைகளில் எழுத்து இருக்கிறது. ஆனால் அது ஓவியரே கற்பனையாகச் செய்த எழுத்து, உலகில் யாராலும் படிக்க முடியாது. பழங்கள், விலங்குகள், வண்டிகள் எல்லாமே நாம் காணாதவை. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையும் அந்தப் பக்கங்களின் முன் எழுத்தறியாத புதிய ஆள்தான். புதிதாக வந்தவர் படும் திகைப்பைப் பற்றி ஆசிரியர் அரை மணி நேரம் பேசுவதைவிட, அந்தத் திகைப்பை ஐந்து நிமிடம் அனுபவிக்கவைப்பது மேல். வயது வந்தவருக்கும் இது பொருந்தும்.

படப்புத்தகம் செய்யும் வேலை என்ன?

முதல் வேலை: பிள்ளைக்குப் பதிலாக வேறொருவரைப் பேச்சுக்குப் பொருளாக்குவது. ‘உனக்குப் பயமாக இருந்ததா?’ என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். படத்தில் உள்ள கரடிக்குட்டியைக் காட்டி ‘இது ஏன் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கு?’ என்று கேட்டால் ‘சத்தம் கேட்டிருக்கும்’ என்று சொல்லும். சொன்னது கரடியைப் பற்றி. அதற்குள் தன் பங்கை எவ்வளவு கலந்தது என்பது பிள்ளையின் சொந்த விஷயம். கலக்காமலும் இருக்கலாம். இந்த மறைப்பு பிள்ளையிடம் இருக்கும்வரைதான் அது பேசும். ‘உனக்கும் அப்படித்தானே?’ என்று ஆசிரியர் திரையை விலக்கினால் அன்றோடு முடிந்தது.

இதனால்தான் இந்தக் கட்டுரையின் சாரத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள், படத்திடம் கேளுங்கள் என்போம்.

இரண்டாவது வேலை, எழுத்தின் ஏணியை ஒதுக்கிவைப்பது. வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவினை எழுத்து வந்தவுடன் வந்துவிடுகிறது. படத்தில் அது இல்லை. வீட்டில் கூரை ஓட்டையைப் பார்த்துப் பழகிய பிள்ளை படத்துக் கூரையின் ஓட்டையை முதலில் கண்டுபிடிக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன அரியலூர்ப் பிள்ளையும் விரலை வைத்துக் காட்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பல நாட்டவர் கரையேறிய இத்தாலியின் லம்பெதூசா தீவுக்கு, உலகெங்கிலுமிருந்து எழுத்தில்லாப் படப்புத்தகங்களைச் சேகரித்து அனுப்பும் பணியை ‘ஐபி’ எனப்படும் சர்வதேச இளையோர் நூல் அமைப்பு 2012இல் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். வந்த பிள்ளைக்கும் தீவுப் பிள்ளைக்கும் பொது மொழி கிடையாது, ஆனால் பக்கத்தைப் புரட்ட இருவருக்கும் தெரியும்.

அந்த அமைப்பின் தோற்றத்துக்கே ஓர் அகதியின் கை இருக்கிறது. யெல்லா லெப்மான் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்து சென்ற யூதப் பெண்மணி. போர் முடிந்ததும் இடிபாடாகக் கிடந்த ஜெர்மனிக்குத் திரும்பி, பல நாடுகளின் குழந்தை நூல்களைக் கேட்டு வாங்கி 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். சோறும் கரியும் இல்லாத ஊரில் படப்புத்தகமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். 1949இல் அங்கே உலக இளையோர் நூலகம் உருவானது, 1953இல் ஐபி தோன்றியது.

மூன்றாவது வேலை தமிழுக்கே உரியது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு மொழிச் சிக்கல் இருக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு வீட்டின் உட்புறத்தைக் காட்டும் படத்தை விரித்துப் பார்ப்போம். நாம் நாற்காலி என்பதை அந்தப் பிள்ளையின் வீட்டில் கதிரை என்பார்கள். அடுப்படி அங்கே குசினி. செருப்போடு கிடக்கும் ஷூ சப்பாத்து. நோட்டு கொப்பி. ‘சீக்கிரம் வா’ என்பது ‘கெதியா வா’. ‘பேசாதே’ என்பது ‘கதையாதை’. ‘ஆமாம்’ என்பது ‘ஓம்’. வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் ஒரு தமிழ் என்று முகாம் பிள்ளைகள் மாற்றிப் பேசப் பழகிவிடுகிறார்கள். என்றைக்காவது வாய் தவறி வகுப்பில் ‘ஓம்’ என்று வந்துவிட்டால் சிரிப்பொலி எழும். அதன் பிறகு அந்தப் பிள்ளை யோசித்துத்தான் வாயைத் திறக்கும்.

படம் ஒன்றுதான், அதைச் சுற்றி எத்தனை சொல் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆசிரியர் கரும்பலகையில் நாற்காலி என்று எழுதி அதன் பக்கத்திலேயே கதிரை என்றும் எழுதட்டும். ‘வேற யார் வீட்ல வேற என்ன சொல்வீங்க?’ என்று கேட்கட்டும். அரியலூர் வகுப்பில் குர்சி என்ற சொல்லும் அந்த வரிசையில் வந்து சேரும். கதிரையும் குசினியும் சப்பாத்தும் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை என்று சொல்லும்போது, நம்முடைய மேசையும் சாவியும் ஜன்னலும் அதே கப்பலில் வந்தவைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் சிரித்தவர்களும் யோசிப்பார்கள். கரும்பலகையில் ஏறிய சொல்லைப் பார்த்து வகுப்பு சிரிப்பதில்லை.

எங்கே தவறுகிறோம்?

அகதிப் பிள்ளைக்கு அகதிக் கதையைத்தான் தர வேண்டும் என்று நினைப்பது முதல் தவறு. ஐரோப்பாவில் கடந்த பத்தாண்டுகளில் படகு, முள்வேலி, குண்டு என்று பல படப்புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் அவை நேற்று வந்திறங்கிய பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பெரம்பலூரில் பிறந்த பிள்ளையின் கையில் படகுப் படத்தைக் கொடுத்து ‘இது உன் கதை’ என்றால், அது மறக்க நினைக்கும் பெயரை நாமே நெற்றியில் ஒட்டுகிறோம். அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் ஒரு உவமை சொன்னார். பிள்ளைகளுக்குப் புத்தகம் சில சமயம் கண்ணாடியாகவும் சில சமயம் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சுருக்கம். தன் முகத்தையும் பார்க்க வேண்டும், பிறர் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். முகாம் பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும் என்பது சரி. அதில் தெரிய வேண்டியது வெறும் அகதி முகம் மட்டுமா? அந்தப் பிள்ளை பட்டம் விடுகிறது, பல் விழுந்து சிரிக்கிறது, தம்பியோடு சண்டை போடுகிறது. இலங்கையின் சிபில் வெத்தசிங்க 1956இல் முதலில் சிங்களத்தில் படைத்த குடைத் திருட்டுக் கதையில் போரும் இல்லை, கண்ணீரும் இல்லை. குடையையே காணாத ஊருக்கு ஒருவர் குடை வாங்கி வர, அது காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதைக் கண்டு சிரிப்பதற்கு எந்தக் குடியுரிமையும் தேவையில்லை.

பிரிவைப் பேசும் நூல் வேண்டுமென்றால் அதை மொத்த வகுப்புக்கும் உரிய ஜன்னலாகத் திறக்கலாம். நினா சப்னானியின் ‘முகுந்தும் ரியாஸும்’ 1947இல் கராச்சியில் பிரிந்த இரண்டு நண்பர்களின் கதை. துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த படங்கள். துலிகா வெளியிட்டது. அது இலங்கையைப் பற்றியது அல்ல என்பதே அதன் வசதி. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் பேச முடியும்.

இரண்டாவது தவறு நம் ஊரின் பழைய வழக்கம். கதை முடிந்த மறு நொடி ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்பது. நீதிக்கதைகளில் வளர்ந்த நமக்கு அது கைவந்த கேள்வி. கேட்டவுடன் வகுப்பு ‘எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும் டீச்சர்’ என்று ஒரே குரலில் சொல்லும். பதில் சரிதான், கதை செத்துவிடும். அன்பாக இருக்க வேண்டியது யாரிடம் என்று எல்லோரும் முகாம் பிள்ளையைப் பார்ப்பார்கள். கதை முடிந்ததும் ஆசிரியர் சற்று நேரம் சும்மா இருந்தாலே போதும். ‘எந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கணும்?’ என்று கேட்டால் அதைவிட நல்லது.

மூன்றாவது, ஜூன் 20ஆம் தேதி உலக அகதிகள் தினத்தன்று ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு மறுநாள் பீரோவில் பூட்டுவது. நம்பிக்கை ஒருநாள் விழாவில் வராது. வாரம் ஒரு நூலகப் பாடவேளை, அதே பாய், அதே நேரம் என்று வழக்கமாக வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே நிலையற்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு ஆறுதல்.

நான்காவது, புத்தகத்தை மருந்து என்று நம்புவது. ஆசிரியர் மனநல மருத்துவர் அல்ல, ஆகவும் வேண்டாம். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் பேசாமல் இருந்தால், சட்டென்று சத்தம் கேட்டு நடுங்கினால், ஒரே பயங்கரக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தால், அதற்குத் தேர்ந்தவர்கள் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் அதற்கான முதல் படி.

ஒரு பாடவேளையில்

நாற்பது நிமிடத்தில் இதை எப்படிச் செய்வது? பிள்ளைகளை வரிசை பெஞ்சிலிருந்து இறக்கி அரைவட்டமாக உட்காரவைப்பது நல்லது. அட்டையை மட்டும் காட்டி ‘என்ன தெரியுது?’ என்று கேட்க வேண்டும். ‘என்ன கதை?’ என்று அப்போதே கேட்க வேண்டாம். தெரிவதைச் சொல்வதில் தவறான பதில் கிடையாது. பிறகு ஒரு முறை நிறுத்தாமல் வாசிப்பு, அடுத்த முறை படங்களில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பு. யாரையும் பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம். பேச விரும்பாத பிள்ளைக்கு விரலால் காட்டும் உரிமையும், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையும் உண்டு. கடைசிப் பத்து நிமிடம் தாளும் வண்ணமும். வரைந்ததை மதிப்பெண் போடாமல், விளக்கம் கேட்காமல் வாங்கி வைத்தால் போதும்.

என்ன வரையச் சொல்வது? இதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோண்டு ஓவியரான பஜ்ஜு ஷியாம் ஓர் உணவகச் சுவரில் படம் தீட்ட லண்டன் போனார். மொழி தெரியாது, ஊர் தெரியாது. திரும்பிவந்து அந்த நகரத்தைத் தன் காட்டு விலங்குகளைக் கொண்டே வரைந்தார். மண்ணுக்கடியில் ஓடும் ரயில் அவருக்கு மண்புழுவாகத் தெரிந்தது. பிக் பென் கடிகாரம் நேரம் அறிவிக்கும் சேவலானது. தாரா பதிப்பகம் 2004இல் அதை ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்று வெளியிட்டது. புதிய ஊரைப் பார்த்து மிரண்டவர் என்று அவரைப் பற்றி யாரும் பரிதாபப்பட முடியாது. அவர்தான் லண்டனுக்கு விளக்கம் சொல்கிறார்.

நம் பிள்ளைகளும் பெரம்பலூரை அப்படி வரையலாம். திருச்சி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓடும் லாரிகள் எந்த விலங்கு? அரியலூரின் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி எது? தொடக்கத்தில் சொன்ன ‘என் ஊர்’ கட்டுரையில் தோற்ற பிள்ளை, ‘நான் பார்க்கிற ஊர்’ என்ற படத்தில் தோற்காது. பிறந்த ஊர் எது என்று அது யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தால் போதும்.

மண்ணே சொல்லும் கதை

பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வேறு பல மாவட்டங்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. அரியலூர் சுண்ணாம்புப் பாறையில் கடல் சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அடையாளம் காட்டிய அந்தக் கல்மரத்துக்கு வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். கடல் இங்கே வந்து, இருந்து, போயிருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கு ஆண்டுதோறும் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024இல் அந்தச் சரணாலயம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வந்த பறவையிடம் எந்தப் பதிவேடும் கேட்காமல் ஏரி இடம் கொடுக்கிறது.

மனிதரும் அப்படித்தான் போய் வந்திருக்கிறார்கள். முகாம்களில் இருப்போரில் மலையகத் தமிழரும் உண்டு. அவர்களின் முன்னோர் பழைய திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை மாவட்டங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். பெரம்பலூரும் அரியலூரும் அந்தப் பழைய திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தவை. போனவர் பேரனின் பேரன் திரும்பி வந்திருந்தால் அவரை எந்த ஊர்க்காரர் என்பது?

இவற்றை வைத்து ஒரு வகுப்பே சேர்ந்து படப்புத்தகம் செய்யலாம். ஒரு சிப்பியின் கதை, ஒரு வாத்தின் கதை. பக்கத்துக்கு ஒரு பிள்ளை. எழுத்து வேண்டுமென்றால் ஊர்த் தமிழிலும் முகாம் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி. முகாமிலிருந்து ஓர் அம்மம்மாவை அழைத்து, அழுகைக் கதை கேட்காமல், மழையில் மீன் பிடித்த கதையைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் அதையும் வரைவார்கள். அந்தப் பேரக்குழந்தைக்கு அன்று வகுப்பில் கிடைக்கும் மரியாதையை எந்தச் சுற்றறிக்கையாலும் கொடுக்க முடியாது.

படப்புத்தகத்தால் குடியுரிமை வாங்கித் தர முடியாது. முகாமின் பத்துக்குப் பத்து அறையைப் பெரிதாக்க முடியாது. அதற்கெல்லாம் அரசும் நாடாளுமன்றமும் இருக்கின்றன, அவற்றை வலியுறுத்துவதை விடக் கூடாது. ஆனால் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை அந்தப் பிள்ளை யாராக இருக்கலாம் என்பதை முடிவுசெய்வது வகுப்பறைதான்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே போகும் ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். வழக்கமான பொது அறிவுத் தொகுப்புகளோடு, எழுத்தில்லாத படக்கதை ஒன்றும், வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் படக்கதை ஒன்றும் வாங்கி வாருங்கள். கொண்டுவந்து பீரோவில் வைக்காதீர்கள். வகுப்பில் பாய் விரித்து அதன்மேல் வையுங்கள்.